புரட்டாசியில் வியட்நாம்

செப்டம்பர் 15, ஞாயிறு

பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். உள்ளே பழைய பூச்சி உருண்டை வாசனை. வெயிலில் திறந்து வைத்திருக்கிறேன்.

ஓவியா காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டாள். "அம்மா, பாஸ்போர்ட்டை ரெண்டு பேரும் ஒரே பையில வைக்காதீங்க." "அம்மா, ஷூ வாங்கினியா இல்லியா?" பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கென்று அவளே இந்தப் பயணத்தைப் பதிவு செய்தாள். ஜனவரியிலேயே. கடலூரிலிருந்து கிளம்பும் ஒரு குழுவோடு ஒன்பது நாள் வியட்நாம்.

வியட்நாம் என்று அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில், மஞ்சக்குப்பத்தில் ஒற்றை அறை வீட்டில், பெரும்பாலும் ரசமும் அப்பளமும்தான். அவர் தட்டின் முன் உட்கார்ந்து, "இன்னைக்கு எந்த ஊர்ல சாப்பிடறோம் அம்சா?" என்பார். நான் வேலை செய்யும் நூலகத்தில் அந்த வாரம் படித்த ஏதாவது ஒரு நாட்டைச் சொல்வேன். துருக்கி என்றால் ரசம் சோறு துருக்கியாகிவிடும். அந்த ஊர் ரொட்டி எப்படிப் பிய்யும், நெய் எங்கே வழியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சாப்பிடாத ஒன்றின் ருசியை அப்படிச் சொல்கிற இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. ஓவியா பிறந்த பிறகு மூன்று பேராக விளையாடினோம். சாப்பாட்டுக்காகவே போக வேண்டிய நாடுகள் என்று ஒரு காலண்டரின் பின்பக்கத்தில் பட்டியல்கூடப் போட்டோம். வியட்நாம், ஜப்பான், துருக்கி, ஜார்ஜியா, மெக்சிகோ, எத்தியோப்பியா. வியட்நாமை முதலில் எழுதியது அவர்தான்.

ஓவியாவுக்குத் தெரியாதது ஒன்று. ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். புதுச்சேரியில் வீடு பார்த்திருக்கிறாராம். தனியாக இருப்பதற்கு இல்லை. அவருடைய அலுவலகத்தின் அந்த ஊர்க் கிளையில் வேலை செய்கிறவளோடு. பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். பயணத்தை ரத்து செய்தால் ஓவியாவிடம் காரணம் சொல்ல வேண்டும். "போயிட்டு வந்துடலாம் அம்சா. வந்தப்புறம் நானே ஓவியாகிட்ட பேசறேன். அதுக்கப்புறம் நான்…" என்று நிறுத்தினார். நான் மூன்று தலையணை உறைகளை மடித்து முடித்தேன்.

சரி என்றேன். எனக்கு நாற்பத்தேழு வயது. அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற ஆள் இல்லை.

பெட்டியின் ஒரு சக்கரம் சரியாக உருளவில்லை. எண்ணெய் விட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. காலையில் பயண நிறுவனத்திலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி: "அன்பார்ந்த பயணிகளே, நம் பயணம் முழுவதும் புரட்டாசியில் வருவதால் மூன்று வேளையும் சுத்த சைவ உணவு. நம் சமையல்காரர் வரது உடன் வருகிறார். இட்லி, பொங்கல், சாம்பார், தயிர்சாதத்துக்குக் கவலை வேண்டாம்." இருபத்திரண்டு பேரும் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

பதிவு செய்யும்போது காலாண்டு விடுமுறை என்று பார்த்தோமே தவிர, தமிழ் மாதத்தை யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்குப் பேர்போன ஊருக்குப் புரட்டாசியில் போகிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஓவியா தொலைபேசியில் புலம்பினாள். "நான் பெருமாள் மாசத்தை மறந்தே போயிட்டேன்மா. அப்பா பாவம். நீ பரவால்ல, எந்த மாசமா இருந்தா உனக்கென்ன?"

உண்மைதான். அவர் வீட்டில் புரட்டாசி என்றால் முட்டை ஓடுகூட உள்ளே வராது. நான் முதுநகர்க்காரி. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. இத்தனை வருடமும் புரட்டாசி ஞாயிறுகளில் அண்ணன் வீட்டுக்குப் போய் மீன் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். "பெருமாளே மீனா அவதாரம் எடுத்தவர்தானே அத்தை, கோவிச்சுக்க மாட்டார்" என்று சொல்லி மாமியாரையே சிரிக்க வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் வயிறு கொஞ்சம் சரியில்லை. சைவமே போதும் என்றிருக்கிறேன்.

செப்டம்பர் 21, சனி

திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் வந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். மலைப்படி நல்ல பயிற்சி.

முதல் சனிக்கிழமை என்பதால் பெருங்கூட்டம். போன பிறகு வெறுங்கையோடு நிற்க முடியாதே என்று ஒரு துளசி மாலை வாங்கிக் கொடுத்தேன். அர்ச்சகர் பெயர் கேட்டார். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். "தேவநாதனா, நம்ம பெருமாள் பேராச்சே" என்றார்.

மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். பசியில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

சென்னை விமான நிலையத்தில் எழுதுகிறேன். வரதுவின் மூட்டையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இட்லிக் கொப்பரை, பருப்புப் பொடி, ஊறுகாய், மூன்று கிலோ புளி. அதிகாரி இட்லித் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரது, "சார், அது பதினாறு குழி. வெந்தா பதினாறு இட்லி வரும். அதுக்கு மேல அதுல ஒரு ரகசியமும் இல்ல" என்றார். அதிகாரியே சிரித்துவிட்டார்.

எங்களுக்கு முன் இருக்கையில் பண்ருட்டி ஏழுமலை அண்ணனும் பட்டு அக்காவும். பலாப்பழ மண்டி வைத்திருக்கிறார்கள். அக்கா திரும்பிப் பார்த்து, "இருபத்தஞ்சு வருஷமா! பாத்தா அப்பிடித் தெரியலியேம்மா. இன்னும் சேந்து ஒக்காந்து வர்றீங்க. எங்காளப் பாரு, வரும்போது வேன்ல ஜன்னல் சீட்டுன்னதும் என்ன உட்டுட்டு ஓடிட்டாரு" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு (விமானத்தில்): அவர் தூங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்திருக்கிறது. கை மரத்துப்போய்விட்டது. நகர்ந்தால் மடக்குப் பலகையில் இருக்கும் தண்ணீர் கவிழும் என்பதால் அப்படியே இருக்கிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

செப்டம்பர் 28, சனி. சைகோன்

ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஒரு கூடத்தை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். வரது பொங்கல் போட்டிருந்தார். நெய் மணம் லிப்ட் வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் கூடத்தில் இல்லை.

வெளியே வந்து பார்த்தேன். எதிர்ச்சாரியில், நடைபாதையில், முழங்கால் உயரம்கூட இல்லாத நீல பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பெரிய கிண்ணம், ஆவி. ஒரு தட்டு நிறையப் பச்சை இலை. கோழி மிதந்தது.

என்னைப் பார்த்தும் மறைக்கவில்லை.

"இன்னைக்கு சனிக்கிழமை" என்றேன்.

"தெரியும். அதெல்லாம் விட்டுட்டேன் அம்சா. ரெண்டு வருஷமாச்சு."

பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு வருடம். போன வருடம் புரட்டாசி ஞாயிறுகளில் நான் அண்ணன் வீட்டுக்குப் போகுமுன் அவருக்குத் தனியாகக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, மீன் பக்கம் போகாத கரண்டியாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டுப் போவேன். அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்டுப் பழகிவிட்டது.

அவர் கண்ணை மூடினார். "மொதல் வாய்ல ஒண்ணுமே தெரியல. வெந்நீர் மாதிரி. ரெண்டாவதுல அன்னாசிப்பூ. அப்புறம் சுட்ட இஞ்சி, அடியில ஒளிஞ்சிருக்கு. இந்த எலை நம்ம திருநீத்துப்பச்சை மாதிரி. எலுமிச்சையப் பிழிஞ்சதும் எல்லாம் ஒண்ணா எழுந்து நிக்குது." கண்ணைத் திறந்தார். "ஒரு வாய் சாப்பிடு. இருபது வருஷமா சொல்லிட்டிருந்தமே."

"வயிறு சரியில்ல."

ஓவியாவுக்குப் படம் வேண்டுமே. அவருடைய குச்சிகளை வாங்கிக் கிண்ணத்தின் மேல் பிடித்துக்கொண்டேன். கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்தாள். ஓவியாவிடமிருந்து உடனே பதில்: "ஐயோ! ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டீங்க!"

செப்டம்பர் 29, ஞாயிறு

பொங்கல். சாம்பார். தயிர்சாதம். போர்க்காலச் சுரங்கம் பார்த்தோம். குனிந்து நடந்ததில் இடுப்பு வலி.

அக்டோபர் 2, புதன். ஹோய் ஆன்

மகாளய அமாவாசை. பெற்றோர் இல்லாத ஆண்கள் காலையில் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். வரது வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, வடை, பாயசம் எல்லாம் செய்துவிட்டார். ஆனால் காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. ஹோட்டலின் பின்சுவரில் இலைத் துண்டுகளில் சோற்றை வைத்துவிட்டு ஒன்பது ஆண்கள் வானத்தைப் பார்த்து "கா கா" என்று கத்தினார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு காக்கைகூட இல்லை.

எங்கள் வழிகாட்டி துவான் என்ற இளைஞர். எதற்குக் கத்துகிறார்கள் என்று என்னைக் கேட்டார். ஆங்கிலத்தில் விளக்கினேன். இந்தப் பக்கம் காக்கை அபூர்வம் என்றார். அதை எல்லோருக்கும் சொன்னேன்.

ஏழுமலை அண்ணனுக்குக் கோபம். "காக்கா இல்லாத ஊருக்கா எங்கள இட்டுக்கினு வந்தீங்க? எங்கப்பன் எதுல வருவாரு, பிளைட்டுலயா?"

"அவரு உசுரோட இருந்தப்பவே பண்ருட்டியத் தாண்டினதில்ல. இப்ப வரப்போறாரா? வாய்யா, பசிக்குது" என்றார் பட்டு அக்கா.

"வடை ஆறுது. ஆறினப்புறம் ரப்பர்னு சொல்லக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் வரது.

அப்போது பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று சுவர்மேல் ஏறியது. நிதானமாக நடந்து வந்து ஏழுமலை அண்ணன் வைத்த சோற்றைக் கொத்தியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"சேவல் செல்லுமா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

ஏழுமலை அண்ணன் கைகளைக் கூப்பிவிட்டார். "எங்கப்பனுக்கு சேவல் சண்டைன்னா உசுரு. அவரேதான்யா." சொல்லும்போதே குரல் உடைந்தது. எல்லோரும் சிரித்தோம், அவரும் அழுதுகொண்டே சிரித்தார்.

சேவல் மற்ற இலைகளையும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுக் கடைசி இலைக்கு வராமல் இறங்கிப் போய்விட்டது. கடைசி இலை அவருடையது. எல்லோரும் சாப்பிட உள்ளே போன பிறகும் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான்கு நாளாகக் கோழி, பன்றி, நத்தை என்று ஒன்றையும் விடாதவர்.

"நீ போய் சாப்பிடு."

"இருக்கட்டும்" என்றேன்.

வெகுநேரம் கழித்து இரண்டு சிட்டுக்குருவிகள் வந்தன. ஒவ்வொரு பருக்கையாக எடுத்தன.

"அம்மா இப்படித்தான். கூட்டம் கலைஞ்சப்புறம்தான் தட்டெடுப்பாங்க" என்றார்.

இருவரும் சிரித்தோம். இந்த ஒரு மாதத்தில் எங்களுக்குள் சிரித்தது இப்போதுதான். அவர் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. சிலவற்றை மட்டும்தான்.

அக்டோபர் 3, வியாழன். ஹோய் ஆன்

இவர்கள் கணக்கில் இன்று மாதப் பிறப்பு. நிறையப் பேர் இன்றைக்கு அசைவம் தொட மாட்டார்களாம். துவானின் அம்மா அப்படித்தான். மூத்த மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதிலிருந்து ஒரு மாதப் பிறப்பும் தவறியதில்லை என்றார் துவான். "நீங்களும் விரதமா? யாருக்காக?" என்று கேட்டார். வயிற்றைக் காட்டினேன். சைவக் கடை ஒன்றுக்கு வழி சொன்னார்.

தனியாகப் போனேன். அவர் அறையிலேயே இருக்கிறேன் என்றுவிட்டார். இரண்டே மேசை உள்ள கடை. இந்த ஊர் நூடுல்ஸை ஒரு குறிப்பிட்ட கிணற்றுத் தண்ணீரில்தான் பிசைவார்கள் என்று துவான் சொல்லியிருந்தார். பழுப்பு நிறம், தடிமன். மேலே காளான், பொரித்த சதுரங்கள், பச்சை இலைகள், அடியில் இரண்டு கரண்டி சாறு மட்டும். கடைக்காரம்மா என் கையைப் பிடித்து எப்படிக் கிளற வேண்டும் என்று காட்டினார். முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டேன். பட்டியலின் முதல் நாட்டில் என் முதல் சாப்பாடு.

சாப்பிட்டதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்குச் சாப்பிட வரும், சொல்ல வராது. சொல்கிற வேலை எப்போதும் அவருடையது. இருந்தாலும் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே நடந்தேன்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பால்கனியில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மொதல்ல மெத்துனு இருக்கும். நீ கடிச்சு முடிக்கப் போற நேரத்துல அந்த மொறுமொறுப்பு வரும் பாரு…" என்றது கேட்டது. கண்ணை மூடியிருந்தார்.

படிக்கட்டுக்குத் திரும்பினேன். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

ஹனோய் வந்துவிட்டோம். மழை. உப்புமா.

அக்டோபர் 5, சனி. ஹனோய்

நாளை ஊருக்குத் திரும்புகிறோம். மத்தியானம் அவர் வந்து, "அம்சா, வா. நாம ரெண்டு பேரு மட்டும். ஒரே ஒரு தடவை" என்றார்.

சந்துக்குள் ஒரு கடை. வாசலில் கரியடுப்பு. ஒரு பெண் விசிறியால் வீசிக்கொண்டே கறி வாட்டிக்கொண்டிருந்தாள். புகை தெருவை மறைத்தது. அவர் இரண்டு என்று விரலைக் காட்டினார். இரண்டு கிண்ணங்கள் வந்தன. இனிப்பும் புளிப்புமான சாற்றில் வாட்டிய பன்றி இறைச்சி, பக்கத்தில் வெள்ளைச் சேமியா, ஒரு குவியல் இலை.

"உன் வயித்துக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் இலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு என் சட்டைப்பையில துளசி வெச்ச. திங்கக்கிழமை ஆபீஸ்ல பேனா எடுக்கும்போது வந்துச்சு. நீ இத்தனை வருஷத்துல ஒரு தடவை புரட்டாசி இருந்திருக்கியா?"

துளசி வைத்ததை இந்த நோட்டில் எழுதவில்லை. விட்டுப்போயிருக்கிறது.

"எனக்காகப் பட்டினி கெடக்காத."

"யாரு சொன்னா உங்களுக்காகன்னு?"

"அப்படின்னா சாப்பிடு. ஒரு வாய்."

குச்சியில் ஒரு துண்டை எடுத்தேன். கரி வாசனையும் வெல்லம் கருகிய வாசனையும் வந்தன. சாப்பிட்டிருக்கலாம். ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் அவர் நினைத்தது தப்பு என்றாகியிருக்கும். துண்டைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

அவர் மிகவும் மெதுவாகச் சொன்னார். "நான் திரும்பி வர மாட்டேன் அம்சா. அந்தப் பெருமாளே நேர்ல வந்து சொன்னாலும்."

கறி வாட்டிய பெண் என் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். நன்றாக இல்லையா என்று முகத்தால் கேட்டாள். நான் வயிற்றில் கைவைத்துக் காட்டினேன். பதறிப்போய் உள்ளே ஓடி ஒரு சின்ன பச்சைத் தைலப் புட்டியை எடுத்து வந்தாள். என் நெற்றிப்பொட்டிலும் உள்ளங்கையிலும் அவளே தேய்த்துவிட்டாள். யாரோ ஒருத்தி. விரல்களில் கரி. தைலம் நல்ல காரம். கண்ணில் நீர் வந்துவிட்டது. நிற்கவே இல்லை.

அவர் தன் கிண்ணத்தைச் சாப்பிட்டு முடித்தார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

சென்னையிலிருந்து எல்லோரும் ஒரே வேனில் வந்தோம். கடற்கரைச் சாலை வழியாகக் கடலூர் போவதென்றால் புதுச்சேரியைத் தாண்டித்தான் போக வேண்டும். இது எனக்குப் புதிய செய்தி அல்ல. ஆனாலும் மரக்காணம் வரும்வரை அது நினைவுக்கு வரவில்லை.

புதுச்சேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் எழுந்து, "டிரைவர், இங்க ஓரமா நிறுத்துங்க" என்றார்.

"சார் பாண்டியில எறங்குறாரு! இன்னா சார், ஒம்பது நாள் தயிர்சோத்துக்கு இங்க பரிகாரமா?" என்று ஏழுமலை அண்ணன் கத்தினார். வேன் முழுக்கச் சிரிப்பு.

"நீங்களும் எறங்கிடாதீங்க, மண்டிக்கு ஆள் வேணும்" என்று பட்டு அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு என்னிடம், "ஆபீஸ் வேலையாம்மா? ஞாயித்துக்கெழமைலயா?" என்றார்.

"ஆமாக்கா. அவசரமாம்" என்றேன்.

இருவர் துணியும் ஒரே பெட்டியில்தான் இருந்தது. வேனுக்குப் பின்னால், சாலை ஓரத்தில், அதைத் திறந்து வைத்து அவருடைய துணிகளை ஒரு பையில் எடுத்துப் போட்டேன். நான்கு சட்டை, இரண்டு பேண்ட், அமாவாசைக்குக் கட்டிய வேட்டி. வேட்டி துவைக்கவில்லை, அழுக்கு என்றேன். பரவாயில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பால் வாங்கி வந்து தயிருக்கு உறை ஊற்றினேன்.

அக்டோபர் 9, புதன்

நூலகத்தில் புது வரவுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"சனிக்கிழமை வரேன். சர்டிபிகேட்டு, அம்மா போட்டோ, கொஞ்சம் புஸ்தகம் எடுத்துக்கணும்."

"வாங்க."

"இன்னும் அப்படியேதான் இருக்கியா?"

"எப்படி?"

"வெறும் சாம்பார், மோர்னு."

கையிலிருந்த புத்தகத்துக்கு எண் ஒட்டினேன்.

"என்னால இங்க சாப்பிடவே முடியல அம்சா. தட்டு முன்னால ஒக்காந்தா நீ அந்தக் கிண்ணத்தத் தள்ளி வெச்சது ஞாபகம் வருது. ஒண்ணும் ருசிக்கல. உப்பா, உறைப்பான்னுகூடத் தெரியல. நீ என்னைத் திட்டியிருந்தா பரவால்ல. இது கழுத்துல கயிறு போட்டு இழுக்கற மாதிரி இருக்கு. விட்டுடேன்."

வாசகர் ஒருவர் காத்திருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரும் காத்திருக்கவில்லை.

அவரால் அங்கே சாப்பிட முடியவில்லை என்றதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. நன்றாகவே வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. சாயங்காலம் நடந்து வரும்போதுதான் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தேன். வெறும் ரசத்தில் துருக்கியைக் கண்ட நாக்கு. அதற்கு உப்பு தெரியவில்லை என்பதில் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு நடக்கிறேன். தெருவில் யார் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

ஓவியா கூப்பிட்டாள். "அப்பா சொல்லிட்டார்மா" என்றாள். பிறகு வெகுநேரம் அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"அந்த போட்டோல நீ சாப்பிடவே இல்லியாம்மா?"

"இல்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒரு நாள் சாப்பிட்டேன். ஹோய் ஆன்ல. சைவ நூடுல்ஸ்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

"அப்படி இல்லம்மா. சொல்லு."

"எனக்கு சொல்ல வராதுடி."

"பரவால்ல. வர்ற மாதிரி சொல்லு."

"தண்ணி வேற மாதிரி இருந்துச்சு. நூடுல்ஸ்ல அந்தத் தண்ணி தெரிஞ்சுது. அப்புறம்… அந்தம்மா கைல இருந்த சூடு." இதற்கு மேல் வரவில்லை. அவள் "உம்" என்றாள்.

சனிக்கிழமை வருகிறேன் என்றாள். வேண்டாம், அடுத்த வாரம் வா என்றேன்.

அக்டோபர் 12, சனி

காலையில் முதுநகர் போனேன். மீன் கடைத்தெருவில் ஆளே இல்லை. அஞ்சலை மட்டும் ஒரு கூடையை வைத்துக்கொண்டு ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவள்.

"இன்னாம்மா, நாளு கெழம தெரியாம வந்துட்டியா? கடைசி சனிக்கெழம. எங்கூட்லயே இன்னிக்கு சாம்பாரு."

"வஞ்சிரம் இருக்கா?"

"இருக்கு. யாரு வாங்கப்போறான்னு ஐஸ்ல போட்டு வெச்சேன்." என் முகத்தைப் பார்த்தாள். "ஊட்ல யாருக்கானா ஒடம்பு சரியில்லியா?"

"எல்லாரும் நல்லாருக்காங்க. மூணு துண்டு போடு."

மிளகாய்த்தூள், மஞ்சள், இடித்த பூண்டு, உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர். ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். சமையலறை ஜன்னலைத் திறக்கவில்லை. கொக்கி துருப்பிடித்திருக்கிறது.

பன்னிரண்டரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டார். வாசனை தெருவரைக்கும் போயிருக்கும். உள்ளே வந்து சமையலறை நிலைப்படியில் நின்று கல்லைப் பார்த்தார். மூன்றாவது துண்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"சாப்பிடறீங்களா?"

தலையை ஆட்டினார். வேண்டாம்.

"அங்க ஒழுங்கா சாப்பிடுங்க" என்றேன்.

கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி நன்றாக இருந்தது. ஓரம் முறுகி, உள்ளே வெள்ளையாக, பாளம் பாளமாகப் பிரிந்தது. இருபத்தைந்து நாள் கழித்து மீன். உள்ளே புத்தகங்களை எடுத்து வைக்கிற சத்தம், ஒட்டுநாடா கிழிகிற சத்தம், படத்தைச் சுவரிலிருந்து கழற்றும்போது ஆணி விழுகிற சத்தம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய் சாப்பிட்டேன். மூன்று துண்டையும் சாப்பிட்டேன். தோலைக்கூட விடவில்லை.

அவர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வாசல் கதவு சாத்தியிருந்தது. என்னைப் பார்த்தார். என் கை எச்சிலாக இருந்தது. அதனால்தான் எழுந்து போய்த் திறந்துவிடவில்லை.